பொசுபரசை அளந்த சுப்பராவ்

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்த எல்லாப்பிரகட சுப்பராவ், மெற்றிக்குலேசன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து தேறியவர். மருத்துவக் கல்லூரியிலே கதர் உடுத்தமையால் ஆசிரியரொருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

பின்னர் அமெரிக்கா சென்ற அவர், ஹார்வார்டு மருத்துவக் கல்லூரியிற் பிஸ்க் என்னும் பேராசிரியருடன் உழைத்து, 1925இல் பொசுபரசை அளக்கும் நிறமுறையொன்றை வெளியிட்டார். பொசுபேற்றுடன் மொலிப்டேற்றுச் சேர்ந்து, தாழ்த்தும் பொருளொன்றால் நீலநிறம் கொள்ளும். நீலத்தின் செறிவே பொசுபரசின் அளவைக் காட்டும். இம்முறையின் துணைகொண்டு தசையிலுள்ள பொசுபோகிரியேற்றினை 1927இலும், உயிர்க்கலத்தின் ஆற்றற் பொருளாகிய ஏ.ரி.பி.யினை 1929இலும் இருவரும் கண்டு வெளியிட்டனர்.

உயிர்க்கலத்தின் மென்சவ்வில் உள்ள பொசுபோலிப்பிட்டுக்கள் சில, புறத்திருந்து வரும் செய்தியை உள்ளே கடத்துவன. ஆய்வாளர் அவற்றைக் குளோரபோமிற் கரைத்து, கண்ணாடிக் குப்பியில் நைதரசன் நிரப்பி, உறைகுளிரிற் காப்பர். காற்றுப்பட்டால் கொழுப்பமிலம் கெடும். மூடி சிறிது தளர்ந்தாலோ குளோரபோம் ஆவியாகிக் கரைசல் செறிந்துவிடும். அப்பொழுது குப்பியின் மேலெழுதிய அளவு பொய்யாகும். ஆதலின் சிறு பங்கினை அமிலத்திட்டுச் சூடாக்கி, வெளிப்படும் பொசுபேற்றை அளந்தறிதல் வழக்கம். அவ்வளவையின் வேர் சுப்பராவின் முறையிலேயே உள்ளது.

இத்துணைப் பணி செய்தும் ஹார்வார்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுகூடஞ் சேர்ந்தார். அவர் வழிகாட்டலில் இயங்கிய குழுவினர் போலிக்கமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். யானைக்கால் நோய்க்கு ஹெற்றசான் என்னும் மருந்தையும் தந்தனர். இளமையில் உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்த துயர் அவரை இறுதிவரை உழைக்கச் செய்தது. 1948இல், 53ஆம் வயதில், நியூயோர்க்கில் மறைந்தார்.

வன்னியிலே கல்வி பயிலும் எம் மாணவர்காள்! மூன்றாம் முறை தேறியவரென்று அவரை இன்று எவரும் இகழ்வதில்லை. குப்பியின் மேலெழுதிய அளவை நம்பாது, உள்ளிருப்பதை அளந்தறிய வழி செய்தவர் அவர். தேர்வுப் பெறுபேறும் மனிதர்மீது ஒட்டிய எழுத்தே. உள்ளிருப்பது வேறாகலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.