பாட்டே வேண்டாம் என்ற வீணை வித்வான்

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. தமிழ்ப் புத்தாண்டையொட்டி ஏவி.எம். நிறுவனத்தின் புதுப்படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் நடித்த படம் என்றால் கேட்க வேண்டுமா? கொட்டகைகளில் கூட்டம் நெரிந்தது.

விளக்குகள் அணைந்தன. படம் தொடங்கியது. துப்பாக்கி வெடித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிவாஜி சுருண்டு விழுந்தார். கதாநாயகன் செத்துப் போனான்!

மக்கள் திகைத்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்புதான் "மனோகரா" வெளிவந்திருந்தது. சங்கிலியால் கட்டுண்ட சிவாஜி சிங்கம் போல் கர்ஜித்ததைக் கேட்டு, கைதட்டிக் கைதட்டி ஓய்ந்திருந்த ரசிகர்கள் அவர்கள். மறுபடியும் அந்தக் குரலைக் கேட்க வந்தவர்களுக்கு, முதல் காட்சியிலேயே பிணத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்?

சிலர் எழுந்து வெளியே போனார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள், பாட்டு வரும், நடனம் வரும் என்று காத்திருந்தார்கள். பாட்டும் வரவில்லை, நடனமும் வரவில்லை, சண்டைக் காட்சியும் வரவில்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும் படம் அதுதான். பெயர் "அந்த நாள்".

இத்தனைக்கும் அதை டைரக்ட் செய்தவர் ஒரு சங்கீத வித்வான். அவர்தான் வீணை எஸ். பாலசந்தர்.

கஞ்சிராவோடு வந்த சிறுவன்

பாலசந்தர் 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர். வீடே கலை வீடு. 1934-ல் கோலாப்பூரில் தயாரான "சீதா கல்யாணம்" படத்தில் அண்ணன் எஸ். ராஜம் ராமர், அக்காள் ஜெயலட்சுமி சீதை, தந்தை ஜனகர்! அண்ணன் ராமராகவும் அக்காள் சீதையாகவும் நடித்ததைப் பற்றி ஊரில் முணுமுணுத்தவர்களும் உண்டு. சினிமா பார்ப்பவர்கள் எதற்கெல்லாம் முகம் சுளிப்பார்கள் என்பதைப் பாலசந்தர் ஏழு வயதிலேயே வீட்டுக்குள்ளிருந்து பார்த்துவிட்டார் எனலாம். அந்தப் படத்தில் அவருக்கும் ஒரு வேடம். ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தார்.

கஞ்சிராவோடு நிற்கவில்லை. மிருதங்கம், தபேலா, ஆர்மோனியம், சிதார், தில்ரூபா என்று கையில் கிடைத்த வாத்தியங்களையெல்லாம் பழகினார். பதினைந்து வயதுக்குள் வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். கடைசியில் வீணைக்கு வந்தார். அதையும் எந்த குருவிடமும் உட்கார்ந்து கற்கவில்லை. தானே மீட்டி, தானே கண்டுபிடித்துக் கொண்டார்.

சினிமாவும் விடவில்லை. 1948-ல் "இது நிஜமா" படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டு "என் கணவர்" படத்தை டைரக்ட் செய்தார். அப்போது வயது 21. 1951-ல் "கைதி" வந்தது. மேல்நாட்டுத் துப்பறியும் படங்களின் சாயல் அவர் படங்களில் தெரிய ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

ஜப்பானியப் படம் தந்த யோசனை

1952-ல் இந்தியாவில் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. அதில் ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவாவின் "ராஷோமான்" திரையிடப்பட்டது. ஒரு கொலை, அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை? பாலசந்தரை அந்தப் படம் ஆட்டிப் படைத்தது.

அதே உத்தியில் ஒரு கதை எழுதினார். முதலில் வானொலி நாடகமாக எழுதிக் கொடுத்தார், ஏற்கப்படவில்லை. பிறகு ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் கொண்டு போனார். செட்டியாருக்குப் பிடித்துவிட்டது. பாட்டு இல்லை என்பதற்கும் தலையாட்டினார். பாட்டுக்காகவே படங்கள் ஓடிய அந்தக் காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல. சாதாரணத் தமிழ்ப் படம் 15 ஆயிரம் அடியைத் தாண்டிக் கொண்டிருந்தபோது, இந்தப் படம் 12,500 அடியில் முடிந்தது. கதைக்குத் தேவையில்லாதது எதுவும் அதில் இல்லை.

திரைக்கதையை ஜாவர் சீதாராமன் எழுதினார். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. கதாநாயகனாக முதலில் போட்டவர் சிவாஜி அல்ல. அவருக்கு முன் அந்த வேடத்தில் நடித்தவர் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த விஸ்வநாதன். (பின்னாளில் சத்யஜித் ரேயின் "காஞ்சன்ஜங்கா"வில் நடித்தவர் இவர்தான்.) பாதிப் படம் எடுத்த பிறகு போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சிவாஜியை வைத்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். பாலசந்தர் முரண்டு பிடித்தார். சம்பளத்தை வாங்கிக் கொண்டு போகலாம் என்று சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. முடிவில் பாலசந்தர் இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்தது நல்லதாயிற்று. சிவாஜி இல்லாத "அந்த நாளை" இன்று எண்ணிப் பார்க்க முடியுமா?

மனைவி கையில் துப்பாக்கி

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட நேரத்தில். அந்தப் பயம் பட்டணத்து மக்களுக்குப் புதிதல்ல. 1942-ல் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்ற பீதியில் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் அவர்கள். பட்டணத்துக்கு மேற்கே ஆவடி போர்க்காலத்தில் ராணுவத் தளமாக மாறியிருந்தது. அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கத்து ஜனங்களுக்கு உளவாளி, ரகசியம் என்பதெல்லாம் வெறும் கதைப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசைநாயகி, மனைவி ஆகியோரிடம் விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு சாட்சியத்திலும் வேறொரு ராஜன் தெரிகிறான்.

உண்மை வெளிப்படும்போது பார்ப்பவர்களுக்கு இரண்டு அடி விழுகிறது. ராஜன் நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்ற துரோகி. அவன் உயிரைக் குடித்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி! அவனைத் தடுக்கப் போன இடத்தில் அது வெடித்துவிடுகிறது. உஷாவாக நடித்தவர் பண்டரிபாய்.

இன்று படிக்கும்போது இது பெரிதாகத் தோன்றாது. 1954-ல் நிலைமை வேறு. கல்லானாலும் கணவன் என்று படத்துக்குப் படம் கண்ணீர் விட்ட கதாநாயகிகளைப் பார்த்துப் பழகியவர்கள் தாய்மார்கள். ராஜனும் முழுக்கக் கெட்டவன் இல்லை. மூளை உள்ளவன், அதை நாடு மதிக்கவில்லை என்ற குமைச்சலில் வழி தவறியவன். அவனுக்காக இரங்குவதா, அவனை வெறுப்பதா? படம் பார்ப்பவர் மனத்தைக் குடைந்தது இந்தக் கேள்விதான். பாட்டு இல்லாத குறையைக்கூடச் சிலர் பொறுத்திருப்பார்கள். இந்தக் குடைச்சலைப் பொறுப்பது கஷ்டம்.

பத்திரிகைகள் பாராட்டின. படித்தவர்கள் இரண்டாம் முறை பார்த்தார்கள். ஆனால் வசூல் இல்லை. மத்திய சர்க்காரின் நற்சான்றிதழ் கிடைத்த பிறகு ஏவி.எம். படத்தை மறுபடி வெளியிட்டது. முதல் தடவை எழுந்து போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ, இந்தத் தடவை ஓரளவு காசு வந்தது.

ஆறு ஆண்டு கழித்து, 1960-ல், ஹிட்ச்காக்கின் "சைக்கோ" வந்தது. அதில் பாதிப் படத்தில் கதாநாயகி கொலையாகிறாள். நடுவில் வருபவர்களை உள்ளே விடக் கூடாது என்று கொட்டகைக்காரர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டார் ஹிட்ச்காக். அதே ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் பவல், ஒரு கொலைகாரனின் மனத்துக்குள் புகுந்து "பீப்பிங் டாம்" எடுத்தார். விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். அவர் தொழிலே ஏறக்குறைய முடிந்து போயிற்று. பாலசந்தருக்கு அந்தக் கதி வரவில்லை.

மறுபடியும் கொலை

அவர் பயப்படவும் இல்லை. 1962-ல் சொந்தமாக "அவனா இவன்" எடுத்தார். கொலைகாரனாக அவரே நடித்தார்! 1964-ல் "பொம்மை". பேசும் பொம்மைக்குள் வெடிகுண்டு. அது கை மாறி, கை மாறி ஊரைச் சுற்றுகிறது. எங்கே, எப்போது வெடிக்குமோ என்று ரசிகர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார்கள். இதில் பாட்டு வைத்தார். யேசுதாசைத் தமிழ்ப் பாட்டுக்கு அழைத்து வந்தவர்களில் அவரும் ஒருவர். படம் முடிந்ததும், திரைக்குப் பின்னால் உழைத்த தொழிலாளர்களையெல்லாம் திரையில் காட்டி அறிமுகம் செய்து வைத்தார். அதற்குக் கைதட்டல் விழுந்தது.

அடுத்தது "நடு இரவில்". ஒரு மாளிகை; உள்ளே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். விநியோகஸ்தர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். சில ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 1970-ல்தான் அது வெளிவந்தது. வந்த பிறகு மக்கள் பார்த்தார்கள்.

பாலசந்தர் அதோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டார். இனி வீணை மட்டும்.

சினிமாவில் பாட்டை வெட்டியவர், மேடையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து, குரல் போலவே பாட வைத்தார். 72 மேளகர்த்தா ராகங்களையும் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். வெளிநாடுகளில் கச்சேரிகள் செய்தார். 1982-ல் பத்மபூஷண் விருது வந்தது. சண்டைக் குணம் மட்டும் போகவில்லை. பாலமுரளிகிருஷ்ணா புது ராகங்களை உண்டாக்கியதாகச் சொல்லப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். சுவாதித் திருநாள் மகாராஜா பெயரில் உள்ள கீர்த்தனைகள் அவருடையவைதானா என்று கேட்டுச் சங்கீத உலகையே கலக்கினார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் பத்துப் பேர் ஒன்றைச் சொல்கிறார்கள் என்பதற்காக அவர் எதையும் ஒப்புக் கொண்டதில்லை.

1990-ல் கச்சேரிக்காக பிலாய் நகருக்குப் போனார். அங்கே மாரடைப்பு வந்தது. உயிர் பிரிந்தபோது வயது 63. அன்று ஏப்ரல் 13-ந் தேதி. முதல் காட்சியில் சிவாஜி சுருண்டு விழுந்து, சரியாக 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.