காய்ச்சலில் கனிந்த சிந்தனை

நுழையும்முன்

சொந்த ஊரில் நோயுற்றால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க உறவினர் உண்டு. அழைத்தால் வர மருத்துவர் உண்டு. கடல்கடந்த தீவொன்றில், இவை எவையும் இல்லாத நிலையில் நோயுற்றுக் கிடந்தவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். உடல் முடங்கிய அந்நாள்களில் அவர் உள்ளத்தில் தோன்றிய கருத்து உயிரியலின் போக்கையே மாற்றியது.

இளமையும் வேட்கையும்

வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் வேல்சு நாட்டின் அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்தின் வறுமையால் பதினான்கு வயதளவில் அவருடைய பள்ளிக்கல்வி நின்றது. தமையனாருடன் சேர்ந்து நில அளவைப் பணியில் ஈடுபட்டார். வயல்வெளிகளிலும் குன்றுகளிலும் அளந்து திரிந்த அந்நாள்களில் செடிகொடிகளின்பால் அவருக்கு ஆர்வம் பிறந்தது. பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, பேட்ஸ் என்னும் பூச்சியியல் ஆர்வலரின் நட்புக் கிடைத்தது. ஓர் உயிரினத்திலிருந்து மற்றோர் உயிரினம் எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினா இருவரையும் ஆட்கொண்டது. விடை தேடி 1848ஆம் ஆண்டு இருவரும் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

அமேசான் தந்த துயரம்

பறவைகளையும் பூச்சிகளையும் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பி விற்பதே வாலஸின் வருவாய். ஆகவே, நோயுற்றுக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பொருள் இழப்பாகவும் அமைந்தது. 1851ஆம் ஆண்டின் இறுதியில், ரியோ நீக்ரோ ஆற்றின் மேற்பகுதியில் கடுங்காய்ச்சல் அவரைத் தாக்கியது. தூங்குமஞ்சத்தில் புரண்டு படுக்கவும் இயலாத அளவுக்கு வலுவிழந்தார். தம்மிடமிருந்த கொய்னா மருந்தைத் தாமே உட்கொண்டு உயிர் பிழைத்தார். கோலூன்றி நடப்பதற்கே பல வாரங்கள் ஆயின.

அவருடைய தம்பி ஹெர்பர்ட்டுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. உடனிருந்து உதவ வந்த அவ்விளைஞர், அதே ஆண்டு பாரா நகரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அச்செய்தி காட்டுக்குள் இருந்த வாலஸை அடையப் பல திங்கள்கள் ஆயின. துயரம் அத்துடன் முடியவில்லை. 1852ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தாயகம் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்புகள் பெரும்பாலும் எரிந்தழிந்தன. பத்து நாள்கள் சிறு படகில் நடுக்கடலில் தத்தளித்த பின்னரே வேறொரு கப்பல் அவரை மீட்டது.

தெர்நாத்தேயில் ஒரு காய்ச்சல்

இத்தனை இழப்புகளுக்குப் பின்னும் வாலஸ் ஓய்ந்திருக்கவில்லை. 1854இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார். சாரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்கு உற்ற துணையானார். சமையல் பணிக்கு வந்த அலி, பறவைகளைப் பிடிக்கவும் பதப்படுத்தவும் தேர்ந்தார். தீவுதீவாகச் சென்ற வாலஸ், 1858ஆம் ஆண்டு சனவரியில் மலுக்குத் தீவுகளுள் ஒன்றாகிய தெர்நாத்தேயை அடைந்தார். கிராம்பு விளையும் எரிமலைத் தீவு அது.

அங்கும், அருகிலுள்ள ஜிலோலோ தீவிலும் தங்கியிருந்த நாள்களில் காய்ச்சல் மீண்டும் அவரைப் பற்றியது. நாள்தோறும் முறைவைத்து வந்த குளிரும் வெப்பமும் அவரை மாறி மாறி வாட்டின. வெப்பமானி 88 பாரன்ஹீட் காட்டிய வேளையிலும் கம்பளியால் உடலைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். அது மலேரியாவாக இருக்கலாம் என்று இன்று கருதப்படுகிறது. அந்நோய் கெட்ட காற்றால் வருவது என்றே அக்காலத்தவர் நம்பினர். கொசுவுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் மெய்ப்பித்தது 1897இல்தான்.

காய்ச்சல் தணியும்வரை படுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வேளையில், பல ஆண்டுகளுக்கு முன் படித்த மால்தஸின் மக்கள்தொகை பற்றிய நூல் அவர் நினைவுக்கு வந்தது. நோய், பஞ்சம், போர் ஆகியன மக்கள்தொகைப் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்பது அந்நூலின் கருத்து. இத்தகைய தடைகள் விலங்குகளுக்கும் உண்டல்லவா? அவ்வாறாயின் சில அழிய, சில பிழைப்பது ஏன்? நோயின் பிடியில் இருந்தவர் நோயைப் பற்றியே எண்ணினார், விடை புலப்பட்டது. சூழலுக்கு ஏற்ற பண்புகளை உடையவை பிழைக்கின்றன. அப்பண்புகள் வழிவழியாகப் பெருகிப் புதிய உயிரினங்கள் தோன்றுகின்றன. காய்ச்சல் விட்ட அன்று மாலையே குறிப்பெடுத்தார். அடுத்த இரு மாலைகளில் கட்டுரையை எழுதி முடித்து, இங்கிலாந்திலிருந்த சார்லஸ் டார்வினுக்கு அஞ்சலில் அனுப்பினார்.

புகழும் பெருந்தன்மையும்

அக்கட்டுரையைக் கண்டு டார்வின் திகைத்தார். தாம் இருபது ஆண்டுகளாக ஆராய்ந்தும் வெளியிடாதிருந்த கருத்தே அதில் இருந்தது. லயல், ஹூக்கர் ஆகிய அறிஞர்கள் கலந்து பேசி ஒரு முடிவெடுத்தனர். 1858ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வினின் குறிப்புகளும், அவற்றை அடுத்து வாலஸின் கட்டுரையும் படிக்கப்பட்டன. வாலஸின் இசைவு பெறப்படவில்லை. மடல் சென்று மறுமொழி வருவதற்கே பல திங்கள்கள் ஆகும்.

அந்நாளில் வாலஸ் நியூகினியின் டோரே கடற்கரையில் இருந்தார். காலில் ஏற்பட்ட புண் அவரைக் குடிலிலேயே முடக்கியிருந்தது. உடன் வந்தவர்களும் நோயுற்றனர். அவர்களுள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். தம் பெயர் அறிஞர் அவையில் ஒலித்ததை அறியாமலேயே அவர் துன்புற்றிருந்தார்.

தெர்நாத்தே திரும்பிய பின்னரே செய்தி அவருக்குக் கிடைத்தது. முதன்மை தமக்கே உரியது என அவர் வழக்காடவில்லை. தம் கட்டுரை மதிக்கப்பட்டதற்காக மகிழ்ந்தார். 1,25,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்து 1862இல் தாயகம் திரும்பினார். 1869இல் வெளியிட்ட தம் மலாய்த் தீவுப் பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். 1889இல் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார். டார்வினும் நன்றி மறக்கவில்லை. பொருள் இன்றி வாலஸ் வாடியபோது, அரசிடம் பரிந்துரைத்து 1881இல் அவருக்கு ஓய்வூதியம் கிடைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு டார்வின் மறைந்தபோது அவருடைய உடற்பேழையைச் சுமந்தவர்களுள் வாலஸும் ஒருவர்.

நிறைவாக

பன்முறை இறப்பின் விளிம்பைத் தொட்டு மீண்ட வாலஸ், 90 ஆண்டுகள் வாழ்ந்து 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இயற்கை எய்தினார். பல்கலைக்கழகப் படிப்போ செல்வமோ அவருக்கு வாய்க்கவில்லை. பலமுறை உடல்நலமும் கைகொடுக்கவில்லை. அறியும் வேட்கை மட்டும் காய்ச்சலிலும் தணியாது இருந்தது. தாம் கண்ட உண்மை உலகை அடைந்தால் போதும் என நிறைவுற்ற உள்ளமே அவ்வேட்கைக்கு அழகு சேர்த்தது.