சர்ப்பகந்தி வேரும் டாக்டர் வகீலும்

இந்திய இதய மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1911-ஆம் ஆண்டு பம்பாயில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று தாயகம் திரும்பினார். இரத்தக் கொதிப்புக்கு அக்காலத்தில் நல்ல மருந்து கிடையாது.

நம் நாட்டு வைத்தியர்கள் சர்ப்பகந்தி வேரைப் பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். அது இரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்று கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931-இல் எழுதினர். மேல்நாட்டார் செவிசாய்க்கவில்லை. வகீலோ 50 நோயாளிகளுக்கு அவ்வேரின் மாத்திரையைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து குறித்து, 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது.

1952-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். அது நரம்பு முனைகளில் நார்அட்ரீனலின் இருப்பைக் குறைக்கிறது. அதனால் இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது, நாடித் துடிப்பும் மெதுவாகிறது. அளவு மிகுந்தால் மனச்சோர்வு வரக்கூடும் என்பது பின்னர் தெரிந்தது. இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டதால் அதை அரிதாகவே கொடுக்கின்றனர்.

1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது பெற்ற வகீல், 1974-இல் மறைந்தார்.

தோழியரே, நம் சரவணம்பட்டியிலும் தலைசுற்றுகிறதென்று பிரஷர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடும் பாட்டிமார் உண்டு. பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கிப் போடும் தாத்தாமாரும் உண்டு. இரண்டும் ஆபத்து. வகீலின் வழியில் நாமும் அவர்களுடைய அழுத்தத்தையும் நாடியையும் நாள்தோறும் நோட்டில் குறித்து, மருத்துவரிடம் காட்டி, அவர் சொற்படி நடக்கச் செய்வோமாக!