உறைகடலில் மிதந்த உத்தமர்

கோடையில் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடந்தால் நம் பாதம் சுடுகிறது. சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியில் அவ்வளவு சூடு தெரிவதில்லை. கருமை வெயிலை விழுங்குகிறது. வெண்மை அதைத் திருப்பி அனுப்புகிறது. நம் பூமிக்கும் இப்படியொரு வெள்ளைத் தளம் உண்டு. அதுவே வடதுருவக் கடலில் மிதக்கும் பனிக்கட்டி. அந்தப் பனியிடையே மூன்றாண்டுகளைக் கழித்து, அதன் இயல்பை உலகிற்கு அறிவித்தவர் ஃபிரிட்யோஃப் நான்சன்.

இவர் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நார்வே நாட்டில், இன்றைய ஆஸ்லோ நகருக்கு அருகில் பிறந்தார். இளமையிலேயே பனிச்சறுக்கில் வல்லவரானார். விலங்கியல் கற்று, நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1888-இல் ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். குடியிருப்புகள் உள்ள மேற்குக் கரையை விட்டு, ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்தே புறப்பட்டார். பின்வாங்க இடமில்லாதவன் முன்னேறித்தானே ஆகவேண்டும்!

1881-இல் ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதன் சிதைவுகள் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் துருவக் கடலின் பனி ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்கிறது என்று நான்சன் உணர்ந்தார். பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலெழும்பும்படி, உருண்ட அடிப்பகுதியுடன் ஃபிராம் என்ற கப்பலைக் கட்டச் செய்தார். அறிஞர் பலர் இது தற்கொலை முயற்சி என்றே எண்ணினர். ஆயினும் 1893-இல் பன்னிரு தோழருடன் புறப்பட்டு, கப்பலைப் பனியில் உறையவிட்டார்.

கப்பல் நசுங்கவில்லை, பனியோடு மெல்ல நகர்ந்தது. ஆழமற்றது என்று கருதப்பட்ட அக்கடல் 3000 மீட்டருக்கும் மேல் ஆழமானது என்று அளந்தறிந்தனர். 1895 மார்ச்சில் நான்சன், யோஹான்சன் என்ற தோழருடன் கப்பலை விட்டிறங்கி, நாய்கள் இழுத்த வண்டிகளுடன் துருவம் நோக்கி நடந்தார். அதுவரை எவரும் எட்டாத வடக்கு எல்லையை இருவரும் அடைந்தனர். ஆனால் பனி மேடுகள் வழி மறிக்கவே, துருவத்தைக் காணாமல் திரும்பினர். கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிசையில் கரடி இறைச்சியை உண்டு குளிர்காலத்தைக் கழித்தனர். 1896 ஆகஸ்டில் அவர்கள் தாயகம் சேர்ந்தனர். அதே மாதத்தில் ஃபிராமும் பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூவரில் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தப் பனியின் இன்றைய நிலை என்ன? பனி மூடிய கடல், தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனி படர்ந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை திரும்பும். கறுத்த திறந்த கடலோ நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கையே திருப்புகிறது. எஞ்சிய வெப்பம் நீரில் தங்கி மேலும் பனியை உருக்குகிறது. உருக உருகக் கருமை பெருகுகிறது. மிதக்கும் பனி உருகினால், டம்ளரில் இட்ட ஐஸ் கரைவது போல, கடல் மட்டம் அவ்வளவாக உயராது. ஆனால் பூமியின் வெயில் மறைப்பு குறைகிறது. 1979 செப்டம்பரில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்த பனிப்பரப்பு, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. ஃபிராம் மூன்றாண்டுகளில் மிதந்த வழியை ஒத்த பாதையில், தாரா என்ற பிரெஞ்சுக் கப்பல் 2006 செப்டம்பர் முதல் 2008 ஜனவரிக்குள் மிதந்து முடித்தது. மெலிந்த பனி விரைந்து ஓடுகிறது!

நான்சன் புகழோடு ஓய்ந்துவிடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைத் தாயகம் சேர்த்தார். நாடிழந்தோருக்கு நான்சன் கடவுச்சீட்டு என்ற அடையாளச் சீட்டைப் பெற்றுத் தந்தார். 1922-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்று, அப்பணத்தையும் துயர் துடைக்கவே செலவிட்டார். 1930 மே 13-இல் மறைந்தார்.

கரை ஒதுங்கிய சில மரத்துண்டுகளில் கடலின் ஓட்டத்தைக் கண்டார் நான்சன். சுருங்கும் பனியில் பூமியின் நோயைக் காணவேண்டிய பொறுப்பு, பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கும் உண்டு. உற்று நோக்கவும், உண்மையை நம்பித் துணியவும், துன்புறுவோர்க்கு உதவவும் அவரிடம் கற்போம் தோழியரே!