கிருஷ்ணர் வேடத்துக்குக் கிண்டல் வாங்கிய என்.டி.ஆர்., அந்த வேடத்தின் 'ஒரிஜினல்' ஆனது எப்படி?

2011-ல் வெளியான 'தோர்' படத்தில் ஹெய்ம்டால் என்ற நார்ஸ் தெய்வமாக இட்ரிஸ் எல்பா நடிக்கிறார் என்ற செய்தி வந்ததுமே அமெரிக்காவில் ஒரு கூட்டம் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. வட ஐரோப்பியக் கடவுள் கறுப்பராக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு காமிக்ஸில் மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பின - லத்தீன் சிறுவன் ஸ்பைடர்மேன் ஆனபோதும் இதே சத்தம். 2023-ல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்துக்கு ஹாலி பெய்லி வந்தபோதும் இதே கதைதான்.

ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: ஒரிஜினலை மாற்றாதீர்கள்.

சரி, அந்த ஒரிஜினல் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் தேட ஹாலிவுட் வரை போக வேண்டாம். சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் திருப்பதியோடு பின்னிப்பிணைந்த ஒரு நடிகரின் வாழ்க்கையே போதும். அவர் நந்தமூரி தாரக ராமாராவ். சுருக்கமாக, என்.டி.ஆர்.

மீசையோடு ஒரு நாயகி

1923 மே 28 அன்று கிருஷ்ணா மாவட்டம் நிம்மகூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் என்.டி.ஆர். விஜயவாடாவில் கல்லூரிப் படிப்பு. அங்கே ஆசிரியராக இருந்தவர் தெலுங்கின் பெரிய எழுத்தாளர் விஸ்வநாத சத்யநாராயணா. ஒரு நாடகத்தில் பெண் வேடம் தரப்பட்டபோது மீசையை எடுக்க மறுத்து, மீசையோடு நாகம்மாவாக மேடையேறினார் என்பதும், அதனால் மீசை நாகம்மா என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதும் ஆந்திராவில் இன்றும் சொல்லப்படும் கதை.

பிறகு குண்டூரில் பட்டப்படிப்பு. 1947-ல் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் அரசு வேலை. அதை மூன்றே வாரத்தில் விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தார். 1949-ல் எல்.வி.பிரசாத் இயக்கிய 'மன தேசம்' படத்தில் போலீஸ் அதிகாரியாகச் சிறிய வேடம். 1951-ல் கே.வி.ரெட்டி இயக்கிய 'பாதாள பைரவி' அவரை நட்சத்திரமாக்கியது. அதில் அவர் தோட்டக்காரர் மகன் தோட்ட ராமுடு. இளவரசியைக் காதலித்து, மந்திரவாதியோடு மோதும் வீர இளைஞன். மக்கள் மனதில் பதிந்த என்.டி.ஆர். அவர்தான்.

ரசிகர்கள் ஏன் ஏற்கவில்லை?

1950-களின் நடுவில், ஒரு படத்தில் சிறிது நேரம் மட்டும் கிருஷ்ணராக வந்தார் என்.டி.ஆர். தியேட்டரில் கூச்சல், கேலி. இன்றைய மொழியில் சொன்னால், செமயாக ட்ரோல் ஆனார்.

காரணம் இனமோ சாதியோ அல்ல, பழக்கம். அன்றைய தெலுங்கு ரசிகர்களுக்கு கிருஷ்ணர் என்றால் நாடக மேடைக் கிருஷ்ணர். ஹார்மோனியம் ஒலிக்க, ராகம் இழுத்துப் பத்யம் பாடுபவர். ஈலப்பாட்ட ரகுராமையா போன்ற பாடகர் - நடிகர்கள் அந்த வேடத்துக்குப் பெயர் பெற்றவர்கள். அந்த இடத்தில் இரவல் குரலில் பாடும், கத்திச் சண்டை போடும் ஒரு சினிமாக்காரரை எப்படி ஏற்பது?

இதனால் 1957-ல் 'மாயாபஜார்' படத்துக்கு கே.வி.ரெட்டி மறுபடி கிருஷ்ணர் வேடத்தோடு வந்தபோது என்.டி.ஆர். தயங்கினார். இயக்குநர் விடவில்லை. கிரீடம், நகை, ஒப்பனை, நடை, புன்னகை என ஒவ்வொன்றையும் புதிதாக யோசித்தார்கள். மேடைக் கிருஷ்ணரை நகல் எடுக்காமல், குறைவாகப் பேசி, எல்லாம் தெரிந்தும் தெரியாதது போல் சிரிக்கும் ஒரு கிருஷ்ணர் உருவானார்.

அதன் பிறகு நடந்தது வரலாறு. அவர் கிருஷ்ணராக நடித்த படங்கள் மொத்தம் 17 என்று கணக்கிடப்படுகிறது. அந்த வேடத்தில் அவர் படம் போட்ட காலண்டர்கள் பூஜை அறைகளுக்குள் போயின.

திருப்பதி பஸ்கள் தி.நகருக்கு வந்த கதை

1960 ஜனவரியில் பி.புல்லையா இயக்கிய 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்' வந்தது. என்.டி.ஆர். ஸ்ரீநிவாசர், சாவித்திரி பத்மாவதி. பின்னணிப் பாடகர் கண்டசாலா, இந்தப் படத்தில் திரையிலேயே தோன்றிப் பாடினார்.

இந்தக் காலகட்டத்தில்தான் விநோதமான ஒரு வழக்கம் வலுப்பெற்றது. ஆந்திராவிலிருந்து பஸ்களில் திருமலைக்கு வந்த பக்தர்கள், தரிசனம் முடித்து மொட்டைத் தலையோடு அப்படியே சென்னைக்கு வண்டியைத் திருப்பினார்கள். தி.நகர் பஸ்லுல்லா சாலையில் என்.டி.ஆர். வீட்டு வாசலில் காத்திருந்து, அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கிண்டல் வாங்கியவர், இப்போது யாத்திரையின் கடைசி நிறுத்தம்.

அப்போதும் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. நிறம் என்ன ஆனது?

திருமலையில் மூலவர் கருநிறத் திருமேனி. கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பு என்றுதான் பொருள். தமிழில் மாயோன் என்பதும் அதுவே. ஆழ்வார்கள் அவனைக் கார்மேகத்தோடு ஒப்பிட்டார்கள். ஆனால் அச்சகங்களில் பெருகிய சாமிப் படங்களிலும் காலண்டர்களிலும் அந்தக் கறுப்பு மெல்ல வெளிறி இளநீலமானது. வண்ண சினிமா வந்தபோது நடிகர்களின் முகத்தில் பூசப்பட்டதும் நீலம்தான்.

இதுவும் ஒரு நிற மாற்றம்தானே? ஆனால் இதை எதிர்த்து எந்தத் தியேட்டரிலும் கூச்சல் எழவில்லை. கறுப்பு வெளுத்தால் நம் கண்ணில் படுவதில்லை, வெளுப்பு கறுத்தால் மட்டும் ஒரிஜினல் ஞாபகம் வருகிறது. 2012-ல் 'தி ஹங்கர் கேம்ஸ்' படத்தில் ரூ என்ற சிறுமியாகக் கறுப்பின நடிகை நடித்ததற்குச் சில ரசிகர்கள் கொதித்தார்கள். நாவலிலேயே அவள் பழுப்பு நிறம் என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் தங்கள் மனதில் அவளை வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள்.

தமிழர்கள் என்ன செய்தார்கள்?

வேங்கடம் யாருக்கு என்ற சண்டை அன்று சூடாக இருந்தது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்த காலம். ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே இருந்தன. இன்றும் சித்தூர், புத்தூர், நகரி பக்கம் போனால் இரண்டு மொழியும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

அந்தச் சூழலிலும் தமிழ் ரசிகர்கள் ஒரு தெலுங்கு நடிகரைத் தங்கள் கடவுளாக ஏற்றார்கள். தமிழ் 'மாயாபஜார்' படத்திலும் கிருஷ்ணர் அவர்தான். 1958-ல் 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் சிவாஜி பரதன், ராமர் என்.டி.ஆர். 1964-ல் பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' படத்தில் அவரது கிருஷ்ணருக்குக் குரல் கொடுத்தவர் கே.வி.சீனிவாசன். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. 2012-ல் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது அந்தப் படம் சென்னையில் 100 நாட்களுக்கு மேல் ஓடியது.

வில்லன் பக்கமும் ஒரு நியாயம்

கடவுளாகவே நின்றுவிடவில்லை என்.டி.ஆர். 'பூகைலாஸ்', 'சீதாராம கல்யாணம்' படங்களில் ராவணன் ஆனார். 1977 சங்கராந்திக்கு வந்த, அவரே இயக்கிய 'தான வீர சூர கர்ணா' படத்தில் கர்ணன், துரியோதனன், கிருஷ்ணர் என மூன்று வேடங்கள். கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் படம்.

வசனம் கொண்டவீட்டி வெங்கடகவி. தேரோட்டி மகன் என்று கர்ணனை அவமதிக்கும் சபையில், இது திறமைக்கான போட்டியா, பிறப்புக்கான போட்டியா என்ற பொருளில் துரியோதனன் கேள்வி எழுப்புகிறான். அந்தச் சபையில் இருக்கும் பெரியவர்களின் பிறப்பையே ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகிறான். அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறப்பை வைத்து நாயகனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்துக்கு, தென்னிந்திய வெகுஜன சினிமா கொடுத்த பெரிய அடிகளில் ஒன்று அது.

ஆனால் அதே சங்கராந்திக்கு இன்னொரு மகாபாரதப் படமும் வந்தது: 'குருக்ஷேத்திரம்'. அதில் கிருஷ்ணராக நடித்தவர் ஷோபன் பாபு. கூட்டம் என்.டி.ஆர். பக்கமே போனது. ஷோபன் பாபு தன் முன்னோடியின் நிழலோடு போட்டியிட வேண்டியிருந்தது. 20 ஆண்டுகளுக்கு முன் ஒரிஜினல் இல்லை என்று விரட்டப்பட்டவரே, இப்போது இன்னொருவர் நுழைய முடியாத ஒரிஜினல் ஆகிவிட்டார்.

வேடம் கலைந்த பிறகு

1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சி. ஒன்பதே மாதத்தில், 1983 ஜனவரித் தேர்தலில் 200-க்கும் மேற்பட்ட இடங்கள். அவர் குடிவாடா, திருப்பதி என இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் வென்றார். வெங்கடேஸ்வரராக நடித்தவர், வெங்கடேஸ்வரர் ஊரிலேயே எம்.எல்.ஏ. அதே ஆண்டு திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மகள்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத் திருத்தமும் அவர் ஆட்சியில் வந்ததுதான்.

திருமலையை நேரடியாகத் தொட்டது 1987-ன் அறநிலையச் சட்டம். கோயில்களில் அர்ச்சகர், மிராசுதார் குடும்பங்களுக்கு இருந்த பரம்பரை உரிமையை அது ரத்து செய்தது. இறைவனுக்குப் பணி செய்யும் வேலை, பிறப்பால் மட்டும் ஒருவருக்கு வந்துவிடாது என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் 1970-லேயே இதே போன்ற சட்டம் வந்திருந்தது. ஆந்திரச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 மார்ச்சில் பரம்பரை உரிமை ரத்து செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதைக் கேட்க என்.டி.ஆர். இல்லை. முந்தைய ஆகஸ்டில் மருமகன் சந்திரபாபு நாயுடுவிடம் ஆட்சியை இழந்த அவர், 1996 ஜனவரி 18 அன்று காலமாகியிருந்தார். (பின்னாளில் அந்தச் சட்டத்தில் திருத்தங்கள் வந்தது தனிக்கதை.)

இந்த வாழ்க்கையைச் சமத்துவக் கதையாக மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. என்.டி.ஆர். பிறந்தது நிலமும் செல்வாக்கும் கொண்ட கம்மா சமூகத்தில். 1985 ஜூலையில் பிரகாசம் மாவட்டம் காரம்சேடுவில், அதே சமூகத்தைச் சேர்ந்த நிலவுடைமையாளர்களின் தாக்குதலில் 6 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அப்போது முதல்வர் அவர்தான். திரையில் துரியோதனன் கேட்ட கேள்வி, அவரது ஆட்சியை நோக்கியே திரும்பியது. ஆந்திராவின் தலித் இயக்கம் வலுவாக எழுந்ததும் அதன் பிறகுதான். திரையில் யார் நாயகன் என்பது மாறுவதாலேயே தெருவில் எல்லாம் மாறிவிடாது.

இன்றைய சண்டைக்கு இதில் என்ன இருக்கிறது?

இரண்டு வகை எதிர்ப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்.டி.ஆரைக் கிண்டல் செய்தவர்கள், அவர் நடித்ததைப் பார்த்த பிறகு கிண்டல் செய்தார்கள். 'மாயாபஜார்' பார்த்ததும் மனம் மாறினார்கள். அது ரசனை. அதில் தப்பில்லை.

இட்ரிஸ் எல்பாவையும் ஹாலி பெய்லியையும் வெறுத்தவர்கள், படம் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். நடிப்பு எப்படி இருந்தாலும் தோல் மாறப்போவதில்லை என்பதால், அவர்கள் மனமும் மாறத் தேவையில்லை. அதற்குப் பெயர் ரசனை அல்ல, இனவெறி.

அடுத்த முறை ஏதோ ஒரு ஹீரோவுக்குப் புது முகம் அறிவிக்கப்பட்டு, இது சரியில்லையே என்று உங்களுக்குத் தோன்றினால், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் டைப் செய்வதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் காப்பாற்ற நினைப்பது கதையையா, அல்லது சின்ன வயதில் நீங்கள் பார்த்த காலண்டரையா?