சிக்கனச் சிற்பி லாரி பேக்கர்

தம்பானூரில் புகைவண்டியை விட்டு இறங்கி வெளியே வரும் நம்மவர் ஒவ்வொருவரும் அந்தக் கட்டடத்தை ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்திருப்பர். செங்கல்லால் ஆன பெரிய உருளை. உள்ளே மாடிப்படி கிடையாது. சுற்றிச் சுற்றி மேலேறும் சாய்தளமே தரை. அதன் ஓரமாகவே மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. சுவரெங்கும் சிறு சிறு துளைகள். இந்தியன் காபி ஹவுஸ் என்றால் தெரியாதவர் நம் சங்கத்தில் இல்லை. ஊருக்குப் போகும் வண்டிக்கு நேரமிருந்தால் அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் போகிறோம். ஆனால் அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படி விழித்தவன்தான்.

என் தந்தையார் கொத்தனார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலை தேடி இவ்வூருக்கு வந்தவர். பிறர் வீட்டைக் கட்டிக் கட்டிச் சேர்த்த பணத்தில் மூன்று சென்ட் நிலம் வாங்கியிருக்கிறார். அதில் எத்தகைய வீடு கட்டுவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தபோதுதான் லாரி பேக்கரின் பெயரை முதன்முதலில் கேட்டேன். அப்பா அதைச் சற்று ஏளனத்தோடுதான் சொன்னார். பூசாத சுவரை வைத்துவிட்டுப் போகிறவன் பணம் தீர்ந்துபோனவன் என்பது அவருடைய கட்சி. வேதியியல் படிக்கும் எனக்கு அந்த ஏளனமே ஆவலைத் தூண்டியது.

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்றார். குவேக்கர் என்னும் கிறித்தவ சமயக் குழுவைச் சார்ந்தவர். ஆடம்பரம் கூடாது, போர் கூடாது என்பவை அக்குழுவினரின் கொள்கைகள். எனவே இரண்டாம் உலகப் போர் மூண்டபோது துப்பாக்கி ஏந்த மறுத்து, காயம்பட்டோருக்குத் தொண்டு செய்யும் அணியில் சேர்ந்தார். அவ்வணி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. அங்கே அறுவை மருத்துவருக்குத் துணையாக மயக்கமருந்து கொடுத்தார். தொழுநோயாளர்க்குப் பணிவிடை செய்தார்.

உடல் நலிந்து தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில திங்கள் காத்திருக்க நேர்ந்தது. காந்தியடிகளின் கூட்டங்களுக்குப் போகலானார். அப்போது அவர் காலில் கிடந்தவை சீனத்து முறையில் கந்தல் துணியால் செய்த காலணிகள். அவையே அடிகளின் கண்ணில் பட்டன. பேச்சு வளர்ந்தது. வீடொன்று கட்டுவதற்கு வேண்டிய பொருள்களெல்லாம் அவ்விடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்ற கருத்தை அவர் அடிகளிடமிருந்து பெற்றார். கட்டடக்கலைப் பட்டம் பெற்ற இளைஞருக்கு அது விந்தையாகத் தோன்றியிருக்கலாம். பிற்காலத்தில் அவர் கட்டிய சுவர்களைப் பார்த்தால், அது அவர் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது விளங்கும்.

1945இல் தொழுநோயாளர் பணி நிறுவனமொன்றின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். பைசாபாத்தில் தங்கினார். வெள்ளைக்காரப் பாதிரிமார்களின் பெரிய பங்களா வாழ்வு அவருக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டுச் சாண்டி என்னும் கேரள மருத்துவர் வீட்டில் போய்க் குடியேறினார். அவருடைய தங்கை எலிசபெத்தும் மருத்துவர். இருவர் மனமும் ஒத்தன. இரு குடும்பத்தாரின் தயக்கத்தையும் கடந்து 1948இல் மணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் இமயமலைச் சாரலில் பித்தோராகர் பக்கம் சென்றனர். வந்திருப்பவர் மருத்துவர் என்று அறிந்த மலைமக்கள் நோயாளிகளை அழைத்துவரத் தொடங்கினர். சில நாள் தங்கப் போனவர்கள் பதினாறு ஆண்டுகள் தங்கிவிட்டனர்!

அந்தப் பதினாறு ஆண்டுகளே அவருக்கு உண்மையான கல்லூரி என்பேன். இங்கிலாந்தில் படித்த பாடம் கறையானுக்கும் பருவமழைக்கும் மலைச்சரிவுக்கும் விடை சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மலைநாட்டுக் கொத்தனும் தச்சனும் விடை சொன்னார்கள். அருகில் கிடைத்த கல், மரம், மண் இவற்றைக் கொண்டே அவர்கள் குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளைக் கட்டியிருந்தனர். பட்டம் பெற்றவர் பட்டமில்லாதவரிடம் மாணாக்கராகப் போய் அமர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் நாம் இதைச் செய்வோமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

1963இல் கேரளத்து வாகமண் மலைக்கு வந்து, 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் நிலைபெற்றார். அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியவர். பிறர் ஓய்வைப் பற்றி எண்ணும் வயதில்தான் அவருடைய பெரும் பணி தொடங்குகிறது.

பேராசிரியர் கே. என். ராஜ் வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவியபோது அதன் கட்டடங்களை எழுப்பும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. காரியவட்டத்திலிருந்து நகருக்குப் போகும் நம் பேருந்து உள்ளூர் என்னும் இடத்தைக் கடக்கிறதல்லவா? அங்கே இறங்கி உள்ளே சிறிது நடந்தால் அவற்றைக் காணலாம். சரிந்த நிலத்தை வெட்டிச் சமப்படுத்தவில்லை. சரிவுக்கேற்பக் கட்டடம் ஏறி இறங்குகிறது. மரம் குறுக்கே வந்தால் சுவர் வளைந்து வழிவிடுகிறது. நடுவே நூல்நிலையம் வட்டக் கோபுரமாக நிற்கிறது. பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. நண்பகலில் போய் நின்றேன். துளைச்சுவரின் வழியே காற்று வந்துகொண்டிருந்தது. நான் குடியிருந்த விடுதியொன்றின் மேல்மாடி அறையில் மே மாதத்து இரவுகளை எப்படிக் கழித்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அவருடைய முறைகளில் இரண்டைமட்டும் சொல்கிறேன். முதலாவது எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குவர். இதில் விளிம்பில் நிறுத்தி அடுக்குகிறார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே ஏறத்தாழ மூன்று அங்குல வெற்றிடம் பெட்டி பெட்டியாக அமைகிறது. நான்கு செங்கல் பிடிக்கும் இடத்தில் மூன்றே போதும், சாந்தும் குறையும். அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்துவதில் பெரிய சோம்பேறி. ஆகவே வெளிச்சூடு உள்ளே வரத் தாமதமாகிறது. ஒன்றுமில்லாத வெளியை வைத்தே சுவர் கட்டுவது என்றால் அது சிக்கனத்தின் உச்சி அல்லவா?

இரண்டாவது கூரை. காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கூரைப் பலகையின் அடிப்பாகத்தில் இழுவையே மிகுதி. அதை ஏற்பது இரும்புக் கம்பி. அங்குள்ள காங்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் சுமை. பேக்கர் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சுமையும் குறைந்தது, சிமெண்டும் குறைந்தது.

சிமெண்டைக் குறைத்தால் என்ன பயன் என்று கேட்கும் கலைப்பிரிவு நண்பர்களுக்காக ஒரு சொல். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டுத்தான் சிமெண்டு செய்கிறார்கள். எரிக்கும் நிலக்கரி கரியமில வாயுவை வெளியிடுகிறது; அதைவிட மிகுதியாக அந்தக் கல்லே வெளியிடுகிறது. மனிதர் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இத்தொழிலால் வருகிறது. நம் பாட்டன்மார் பயன்படுத்திய சுண்ணாம்புச் சாந்தோ குறைந்த வெப்பத்தில் உண்டாவது. இறுகும்போது தான் விட்ட வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது. இன்று பசுமைக் கட்டடம் என்று பெயரிட்டு, புள்ளிகள் போட்டு, சான்றிதழ் கொடுக்கிறார்கள். கண்ணாடிச் சுவர் எழுப்பி உள்ளே குளிர்பதன இயந்திரம் வைத்தவர்களும் அதைப் பெறுகிறார்கள். பேக்கர் அந்தப் பெயர் பரவுவதற்கு முன்பே, சான்றிதழ் ஏதுமின்றி, பழைய ஓட்டைக் கொண்டு அப்பணியைச் செய்தவர்.

குறை இல்லாமலும் இல்லை. செங்கல் சுடுவதற்கும் விறகு வேண்டும். களிமண்ணுக்காக வயல்கள் தோண்டப்பட்டதைக் கேரளம் கண்டிருக்கிறது. பேக்கரும் இதை உணராதவரல்லர். மண் சுவரின் பெருமையை விளக்கித் தம் கையாலேயே படம் வரைந்து சிறு நூல் ஒன்று வெளியிட்டார். அத்தகைய சிறு நூல்கள் பல. எளியவன் தானே படித்துத் தன் வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். ஆயினும் காலப்போக்கில் அவருடைய செங்கல் அழகைத் தேடி வந்தவர்களில் வசதி படைத்த நடுத்தர மக்களே மிகுந்தனர். ஏழைக்குக் கண்ட வழி படித்தவரின் நாகரிகமாயிற்று. எவரைக் குறை சொல்வது?

இங்கேதான் அவர் வாழ்வில் என்னைக் கவர்ந்த செய்தி இருக்கிறது. ஏழைக்கு ஒரு சுவர், செல்வனுக்கு ஒரு சுவர் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. பூந்துறைக் கடற்கரையில் மீனவர்க்கு வீடு கட்டினார். கடற்காற்று ஒவ்வொரு வீட்டுக்கும் வருமாறு முன்பின்னாக விலக்கி அமைத்து, துளைச்சுவர் வைத்தார். பேராயருக்கும், ஆய்வு மையத்துக்கும், ஸ்ரீகாரியம் லயோலா சிற்றாலயத்துக்கும் அதே செங்கல், அதே பூசாத சுவர், அதே துளைகள். தாம் வாழ்ந்த வீடும் அத்தகையதே. நாலாஞ்சிறாவில் தண்ணீரில்லாத பாறைச்சரிவில், இடித்த வீடுகளின் மரமும் உடைந்த ஓடும் பழைய புட்டிகளும் கொண்டு, சிறிது சிறிதாகக் கட்டியது. தமக்கு வரும் கடித உறைகளைப் பிரித்து அதன் உட்புறத்தில் கட்டட வரைபடம் போடுவாராம். வேலையிடத்துக்குத் தாமே போய்க் கொத்தனார்களோடு நின்று, அங்கேயே மாற்றிக் கட்டுவார்.

1985இல் அச்சுதமேனன், ராஜ் முதலியோருடன் சேர்ந்து காஸ்ட்போர்டு என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இம்முறைகளை அது இன்றளவும் பரப்பி வருகிறது. இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தொண்ணூறாம் வயதில், இந்நகரிலேயே இயற்கை எய்தினார்.

இவற்றையெல்லாம் நான் படித்துச் சொன்னபோது அப்பா மறுமொழி கூறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தம்பானூருக்கு அழைத்துச் சென்றேன். இத்தனை ஆண்டுகளாக வெளியிலிருந்து பார்த்த கட்டடத்துக்குள் அன்றுதான் காலடி வைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் சுவரைக் கையால் தடவி, சாந்துக் கோட்டை விரலால் அளந்து, ஒரு துளையின் வழியே வெளியே பார்த்தார். பூச்சு வந்து தப்பை மறைக்காது, ஆகவே இதைக் கட்டுகிறவன் ஒவ்வொரு கல்லையும் பார்த்து வைக்க வேண்டும், அதற்கு நேரம் கொடுக்கிற வீட்டுக்காரன் எங்கே இருக்கிறான் என்றார். பிறகு, வீட்டுக்காரன் நாம்தானே என்று தாமே சிரித்துக்கொண்டார்.

தை மாதம் கடைக்கால் தோண்டுவதாக முடிவாகியிருக்கிறது. பின்கட்டுச் சுவர்கள் இரண்டையும் எலிப்பொறிக் கட்டில் கட்டிப் பார்க்க இசைந்துவிட்டார். தெருவைப் பார்த்த சுவருக்குப் பூச்சு வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறார். அம்மாவும் அவர் பக்கம்தான்.