வல்வில் ஓரியின் வேட்டம்

சேலம் நகருக்கு வடக்கே ஏற்காட்டைத் தாங்கி நிற்பது சேர்வராயன் மலை. தென்கிழக்கே எழுவது கொல்லிமலை. சேர்வராயனில் தோன்றும் திருமணிமுத்தாறு இடைப்பட்ட சமவெளியில் ஓடுகிறது. காஞ்சியிலிருந்து வேட்டைநாய்களுடன் புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லியிலும் குடியேறினர் என்பது மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகக் கூறிவரும் கதை. மலைகளை உறவாக்கியது வேட்டையே என்பது அக்கதையின் உட்கிடை. அக்கதை மாந்தர்க்குப் பன்னெடுங்காலம் முன்னரே, வேட்டைத்திறத்தையே தன் பெயருக்கு அடைமொழியாகப் பெற்றுக் கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி.

ஆதன் ஓரி என்றும் அவன் அழைக்கப்பெற்றான். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஓரி என்னும் சொல்லுக்குப் பிடரிமயிர் என்றும், முதிர்ந்த தேனின் நிறம் என்றும் பொருளுண்டு. அவன் ஊர்ந்த குதிரைக்கும் ஓரி என்பதே பெயர்.

அவன் வாழ்வில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சியைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடியுள்ளார். வறுமையுற்ற பாணர் கூட்டமொன்று கொல்லிக் காட்டுவழியே செல்கிறது. அங்கே ஒருவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைக்கிறது. ஓரம்பு ஐந்துயிரைத் துளைக்குமா என்னும் வினாவிலேயே நம் மேடைகள் காலங்கழித்துவிட்டன. பாட்டின் சொற்களை நோக்கினார் சிலரே. புலிக்கு உழுவை, பன்றிக்குக் கேழல் என விலங்குதோறும் காடறிந்தார் வழங்கும் பெயரே அமைந்துள்ளது. மானுக்கு மட்டும் உருளுதல் என்னும் வினை. ஓடும் மான் அம்பு பட்டதும் விரைவு அடங்காமல் உருண்டு விழுவதைக் கண்ணாற் கண்டவர்க்கே அவ்வினை வாய்க்கும்.

கலை என்னும் பெயரும் ஆராயத்தக்கது. புல்வாயின் ஆணை இரலை என்றும் கலை என்றும், உழையின் ஆணைக் கலை என்றும், முசு என்னும் குரங்கின் ஆணையும் கலை என்றும் வழங்கலாம் எனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. இவற்றுள் மானினப் பெண் பிணை, கன்று மறி. ஓரி எய்த கலையைத் துளையுள்ள கொம்புடைய புள்ளிமான் என்று உரைகாரர் விளக்குவர். ஆனால் மானின் கொம்பு உள்ளே திண்மையானது, விழுந்து முளைப்பது. துளைக்கொம்பு, விழாத கொம்பு, இரலைக்கு உரியது. உடலிற் புள்ளி மானைக் காட்ட, கொம்பின் துளை இரலையைக் காட்டுகிறது. கலை என்னும் பெயரோ இரண்டிற்கும் பொதுவாய் நிற்கிறது. இச்சிக்கலைத் தீர்க்க அகராதி போதாது, காட்டறிவும் வேண்டும்.

எய்தவன் யார் எனப் பாணர் அறியார். மார்பில் முத்தாரம் கண்டு, கொலைத்தொழில் வேட்டுவனாக இரான், ஓரியோ வேறொருவனோ என்று ஐயுற்றனர். முழவும் யாழும் இயக்கி, இருபத்தொரு துறையும் முறைப்படி பாடி முடித்து, கோவே என விளித்தனர். தன்னை அவ்வாறு அழைத்ததும் அவன் நாணினான். நின்னை ஒத்த வேட்டுவர் எந்நாட்டிலும் இலர் என அவர்கள் தம் விருப்பத்தைச் சொல்லத் தொடங்க, மேலும் பேசவிடாமல், தான் கொன்ற மானின் கொழுப்புடைய புழுக்கிய ஊனையும், உருக்கிய நெய் போன்ற மதுவையும் வழங்கினான்; தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிக்குவையையும் சேர்த்தளித்தான். வியப்புக்குரியது அம்பன்று, அந்நாணமே. அவனிடம் பரிசில் பெற்ற சுற்றத்தார் பசி நீங்கியதால் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என்று மற்றொரு பாட்டில் வன்பரணரே வியக்கிறார்.

முடிவு விரைந்து வந்தது. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி தன் காரிக் குதிரையிலும் ஓரி தன் ஓரிக் குதிரையிலும் நின்று பொருதனர். ஓரி வீழ்ந்தான். காரி கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். காரி வெற்றியோடு புகுந்தபோது ஓரியின் பெருந்தெருவில் எழுந்த பேரிரைச்சலைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்கினார்.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் நடைமுறையில் இருந்தது. சரிவைக் கொத்திப் பயிரிடும் கொத்துக்காடு, ஏர் புகும் உழவுக்காடு என்று மலைமக்கள் பிரித்தறிந்த நிலங்களின் அருகே காப்புக்காடு என்னும் எல்லை எழுந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. ஆயினும் தொழிலோடு சொற்களும் ஒதுங்கின. இன்று சேர்வராயன் அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் புள்ளிமானையும் கடமானையும் காணும் மாணவர்க்குக் கலை என்பது பாடத்துறையின் பெயர். பிணை என்பது நீதிமன்றச் சொல்.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆம் நாள்களில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் அங்கு நடைபெறுகிறது.